கயிறு யார் கையில்?

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "வாரத்து மாட்டில் முதல் போட்டவருக்குத்தான் உரிமை அதிகம், பணம் இல்லேன்னா மாடு ஏது?" என்றார். தம்பி, நான் தமிழ் வாத்தியார். 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள். வள்ளுவரே அப்படி எழுதியிருக்கிறார். மாடே பணம், அப்புறம் எதுக்குத் தனியாப் பணம்? (சிரிப்பு)

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறுங்க. காசுள்ளவர் ஒருவர் காளைக் கன்று வாங்கி, வளர்க்கிறவர் கையில் கயிற்றைக் கொடுக்கிறார். பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். கொழுத்ததும் விற்று, வாங்கின விலையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் பாதிப் பாதி. கேட்க எவ்வளவு நியாயமா இருக்கு!

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கன்று 12,000 ரூபாய். ஒன்றரை வருஷம் கழித்து 30,000. லாபம் 18,000, வளர்த்தவருக்கு 9,000. 540 நாளால் வகுத்துப் பாருங்க. நாளுக்குப் பதினாறே முக்கால் ரூபாய்கூடத் தேறாது! புல் அறுத்து, தண்ணி காட்டி, மழையில் கொட்டகை மாற்றிக் கட்டினதுக்கு ஒரு டீக்காசு. (கைதட்டல்)

"எரு அவருக்குத்தானே?" என்பீர்கள். சரி, சாணியை நீங்களே அள்ளிக்கிட்டுப் போங்களேன்! (சிரிப்பு)

"மாடு செத்தா நட்டம் எனக்குத்தானே?" என்கிறார் முதல் போட்டவர். அவருக்குப் போனது பணம். வளர்த்தவருக்குப் போன ஒன்றரை வருஷத்தை எந்தப் பேரேட்டில் எழுதினீங்க? சில இடத்தில் அந்த விலையிலும் பாதியைக் கேட்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருது.

நம்ம பக்கத்துப் புதுச்சேரியை ஆண்டானே பிரெஞ்சுக்காரன், அவன் நாட்டில் 1804-லேயே நெப்போலியன் சட்டத்தொகுப்பில் வாரத்து மாட்டுக்குத் தனிப் பகுதி வைத்தான். பாலும் எருவும் மாட்டின் உழைப்பும் வளர்க்கிறவனுக்கே. அவன் தப்பில்லாமல் மந்தை அழிந்தால், முழு நட்டத்தையும் அவன் தலையில் கட்டுகிற ஒப்பந்தம் செல்லாது. எழுதி வைத்தான் ஐயா! நாம் இன்னும் வாயாலேயே பேசிக்கிட்டிருக்கோம்.

இந்த மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அதன் பிறகுதான் அரசாங்கத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட மண்ணில், "என் மாடு, நான் சொல்றதுதான் கணக்கு" என்று ஒருவர் எழுந்து நின்றால், எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் எதிர்த்து என்ன பேசுவார்?

அதனால் என் கோரிக்கை பெரிசில்லை. பாதிப் பங்கு பிரிக்கும் முன் தீவனக் கூலியைக் கழியுங்க. செத்தால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதுங்க. காப்பீடு எடுங்க, அந்தத் தவணையை முதல் போட்டவர் கட்டட்டும்.

அடுத்து வருகிற எதிரணி அம்மா, அந்தப் பதினாறே சொச்சம் ரூபாய்க்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.