செம்புக் கம்பிக்குள் ஒரு சுருக்கம்

வீட்டில் வயரிங் வேலை முடிந்த பிறகு செம்புக் கம்பித் துண்டு ஒன்று எங்காவது மிஞ்சிக் கிடக்கும். பல இழைகளாக இல்லாமல், கொஞ்சம் தடித்த ஒற்றைக் கம்பியாக இருந்தால் நல்லது. மேலுறையை உரித்துவிட்டு அதை நடுவில் வளையுங்கள். எளிதாக வளைந்து கொடுக்கும். இப்போது அதே இடத்தில் நிமிர்த்திப் பாருங்கள். நிமிராது. வளைந்த இடம் விறைத்து நிற்கும். அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் புதிதாக இரண்டு வளைவுகள் விழும். ஒரு நிமிடத்துக்கு முன் நம் கையில் இருந்த அதே செம்புதான். நாம் எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. வளைத்தோம். வளைத்ததாலேயே அது கெட்டிப்பட்டுவிட்டது.

பாத்திரப் பட்டறையில் செம்புக் குடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. சுத்தியல் விழ விழத் தகடு முறுக்கேறும். ஒரு கட்டத்தில் சத்தமே மாறி ‘ணங்’ என்று கேட்கத் தொடங்கும். அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும் என்பது அடிக்கிறவருக்குத் தெரியும். காதால் கேட்டே கையை நிறுத்துவார். தகட்டை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி எடுத்தால் அது மறுபடியும் இளகியிருக்கும். எஃகை இப்படி முக்கினால் இன்னும் கடினமாகும், செம்பு அப்படியில்லை. தலைமுறை தலைமுறையாகக் கை அறிந்த விஷயம் இது. ஏன் இப்படி என்ற கேள்விக்குத்தான் இருபதாம் நூற்றாண்டு வரை பதில் இல்லை.

அந்தப் பதில் முதலில் ஆய்வுக்கூடத்தில் கிடைக்கவில்லை. காகிதத்தில் கிடைத்தது. கண்ணால் யாரும் பார்ப்பதற்கு 22 ஆண்டுகள் முன்பே, கணக்குப் போட்டு, “இப்படி ஒன்று உள்ளே இருந்தே ஆக வேண்டும்” என்று சிலர் எழுதினார்கள். செறிபொருள் இயற்பியல் என்ற துறையில் என் மனத்தை இன்றும் அசைப்பது அந்த நிகழ்ச்சிதான்.

உலோகம் என்பது படிகம். கடைக்காரர் எலுமிச்சம்பழங்களை வரிசையாக, வரிசை மேல் வரிசையாக அடுக்கி வைப்பது போல, செம்பின் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பி வளைகிறது என்றால், ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்கிப் போகிறது என்று பொருள். அப்படி வழுக்க எவ்வளவு விசை வேண்டும்? 1926-இல் யாகோவ் ஃபிரெங்கெல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் ஓர் எளிய கணக்குப் போட்டார். மேலடுக்கின் அணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில், கீழடுக்கின் மேடுகளைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் போய் விழ வேண்டும். இந்தக் கணக்கின்படி செம்புக்கு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ எடை அளவுக்கு விசை வேண்டும். மிகத் தூய்மையாக, ஒரே படிகமாக வளர்த்த செம்பை எடுத்துச் சோதித்தாலோ, 100 கிராம் அளவிலேயே அடுக்குகள் நழுவத் தொடங்கிவிடுகின்றன. எங்கே 700 கிலோ, எங்கே 100 கிராம்? ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசத்தை அளவீட்டுப் பிழை என்று தள்ளிவிட முடியாது.

கல்யாண மண்டபத்தில் பெரிய ஜமுக்காளம் விரித்திருக்கிறார்கள். அதைச் சுவர்ப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். முனையைப் பிடித்து ஒட்டுமொத்தமாக இழுத்தால் நாலு பேர் வேண்டும். விவரம் தெரிந்தவர் என்ன செய்வார்? இந்த ஓரத்தில் ஒரு சுருக்கம் எழுப்பி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே மறு ஓரம் வரை போவார். சுருக்கம் வெளியேறும்போது ஜமுக்காளம் முழுதும் ஒரு சாண் நகர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் தரையை விட்டு எழுந்திருந்தது சுருக்கம் இருந்த இடம் மட்டுமே.

படிகத்துக்குள்ளும் அப்படி ஒரு சுருக்கம் இருக்கிறது என்பதுதான் விடை. அணு அடுக்குகளில் ஒன்று பாதியிலேயே நின்றுபோனால், அது நிற்கும் விளிம்பு நெடுக ஒரு கோடு உண்டாகும். அந்தக் கோடு, அணு அணுவாக, சிறு விசைக்கே நகரும். ஆங்கிலத்தில் டிஸ்லொகேஷன் என்கிறார்கள். நான் பிறழ்வு என்கிறேன்.

1934-ஆம் ஆண்டு இந்த ஒரே எண்ணம் மூன்று பேரிடமிருந்து தனித்தனியாக வந்தது. ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. ஐ. டெய்லர். நீரோட்டம், காற்றோட்டம் பற்றிய ஆய்வுகளால் புகழ்பெற்றவர். பாய்மரப் படகில் பெரும் பிரியம் உள்ளவர். நங்கூரம் ஒன்றைக்கூடப் புதிதாக வடிவமைத்தவர். மற்ற இருவரும் ஹங்கேரியர்கள்: எகோன் ஒரோவன், மைக்கேல் பொலானி. இவர்கள் இருவருக்கும் ஒருவர் எண்ணம் மற்றவருக்குத் தெரிந்திருந்தது. சேர்ந்து ஒரே கட்டுரையாக எழுதலாமே என்று இளையவரான ஒரோவன் கேட்டார். பொலானி, உங்கள் எண்ணம் உங்களுடையது, தனியாகவே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். இரண்டு கட்டுரைகளும் ஒரே ஜெர்மன் இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. முன்னுரிமைக்காக மல்லுக்கட்டும் உலகத்தில் இப்படியும் நடந்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பிறழ்வை யாரும் பார்க்கவில்லை. ஐயப்பட்டவர்கள் நிறையப் பேர். 1947-இல் லாரன்ஸ் பிராக், ஜான் நை என்ற இயற்பியலாளர்கள் இருவரும் சோப்புத் தண்ணீரின் மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே அளவான குமிழிகளை ஆயிரக்கணக்கில் மிதக்க விட்டார்கள். அவை தாமாகவே ஒட்டிக்கொண்டு படிகம் போல அடுக்காக அமைந்தன. பக்கவாட்டில் நெருக்கியபோது, குமிழி வரிசைகளுக்கு நடுவே பிறழ்வு ஓடியது. காகிதத்தில் வரைந்தது நீரின் மேல் நகர்வதைக் கண்கள் கண்டன. இயற்பியலாளர் ஃபெயின்மன் தம் புகழ்பெற்ற விரிவுரைத் தொகுப்பில், இதைப் பற்றி அவர்கள் எழுதிய கட்டுரையை முழுதாகவே சேர்த்துக்கொண்டார். 1956-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷ், ராபர்ட் ஹார்ன், மைக்கேல் வீலன் மூவரும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். கறுப்புக் கோடுகள் தெரிந்தன. எலக்ட்ரான் கற்றை பட்டதும் அந்தக் கோடுகள் நகரவும் செய்தன. வாதம் அத்தோடு முடிந்தது.

சரி, கம்பி ஏன் கெட்டிப்பட்டது? வளைக்கும்போது பிறழ்வுகள் நகர்கின்றன; நகரும்போதே பெருகுகின்றன. ஒரு பிறழ்வின் இரு முனைகளும் சிக்கிக்கொண்டால், நடுப்பகுதி வில்லாக வளைந்து, வளையமாகச் சுற்றி, பிரிந்து, மீண்டும் வளையும். இப்படி ஒன்றிலிருந்து பல வளையங்கள் பிறப்பதை ஃபிராங்க், ரீட் என்ற இருவர் 1950-இல் விளக்கினார்கள். நன்றாக அடித்துக் கெட்டிப்படுத்திய உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டரை எடுத்து, அதில் உள்ள பிறழ்வுக் கோடுகளை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால், பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். சந்திரனுக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை விட அதிகம். சர்க்கரைக் கட்டி அளவு இடத்துக்குள் இத்தனை நீளம் இருந்தால் சிக்கு விழாமல் என்ன செய்யும்? ஒன்றை ஒன்று மறித்து, முடிச்சிட்டு நிற்கின்றன. அதனால் உலோகம் விறைக்கிறது. நெருப்பில் காய்ச்சும்போது அணுக்களுக்குத் துள்ள இடம் கிடைத்து, சிக்கல் அவிழ்ந்து, புதுப் படிகங்கள் முளைக்கின்றன. குடம் அடிப்பவரின் காதுக்குக் கேட்ட ‘ணங்’, இந்தச் சிக்கலின் குரல்தான்.

இதுவரை சொன்னது படம் வரைந்து விளக்குவது. எண்ணாகக் கணக்கிட முடியுமா? இங்கேதான் கணினி வருகிறது.

அணுக்களைப் பிடித்து வைத்திருப்பவை எலக்ட்ரான்கள். அவற்றின் விதி 1920-களிலேயே தெரிந்துவிட்டது. விதி தெரிந்தாலும் கணக்கு முடியாது. ஒரே ஓர் இரும்பு அணுவை எடுத்துக்கொள்வோம். 26 எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றின் இடத்தையும் சொல்ல மூன்று எண்கள் வேண்டும், ஆக 78. ஒவ்வொரு திசையிலும் வெறும் பத்துப் புள்ளிகளாகப் பிரித்து, எலக்ட்ரான்களின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பை அட்டவணை போட்டால், அட்டவணையில் உள்ள எண்களின் எண்ணிக்கை ஒன்றுக்குப் பின்னால் 78 சுழியங்கள். நம் பால்வெளி மண்டலத்தில் உள்ள அணுக்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இல்லை. ஓர் இரும்பு அணுவுக்கே இந்தக் கதி.

1964-இல் வால்டர் கோன், பியர் ஹோஹன்பர்க் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் ஒரு வழி காட்டினார்கள். எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடர வேண்டாம். எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தால் போதும், ஆற்றல் முழுதும் அதிலேயே அடங்கியிருக்கிறது என்று நிறுவினார்கள். அதே பத்துப் புள்ளிக் கணக்கில் இப்போது வேண்டியது வெறும் ஆயிரம் எண்கள். அடுத்த ஆண்டு லூ ஷாமுடன் சேர்ந்து அதை நடைமுறையில் கணக்கிடும் முறையையும் கோன் தந்தார். வியன்னாவில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிக்க 1939-இல் குழந்தைகள் ரயிலில் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன் அவர். பெற்றோர் தப்பவில்லை, ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். 1998-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கோனின் வழியில் சில நூறு அணுக்களைத்தான் கையாள முடியும். பிறழ்வுகளின் சிக்கலுக்கு அது போதாது. ஆகவே எலக்ட்ரான்களை மறந்துவிட்டு, அணுக்களை உருண்டைகளாக வைத்து, அவற்றுக்கு இடையிலான விசைக்கு ஒரு தோராயச் சூத்திரம் எழுதி, நியூட்டன் விதிப்படி நகர்த்தும் முறை வந்தது. 1960-இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜார்ஜ் வினியார்டும் கூட்டாளிகளும், கதிர்வீச்சு பட்ட செம்பில் என்ன நடக்கும் என்று பார்க்க ஏறத்தாழ 500 அணுக்களை இப்படி ஓட விட்டார்கள். 1964-இல் ஆர்கோன் (Argonne) ஆய்வகத்தில் அனீசுர் ரஹ்மான், 864 அணுக்கள் கொண்ட ஆர்கான் திரவத்தைக் கணினியில் உருவாக்கி, அது உண்மைத் திரவம் போலவே நடப்பதைக் காட்டினார். ரஹ்மான் ஹைதராபாத்தில் பிறந்தவர். கணிப்பு இயற்பியலுக்கு அமெரிக்க இயற்பியல் கழகம் தரும் பரிசு இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. வினியார்ட் தொடங்கிய கதிர்வீச்சுச் சேதக் கணக்குகளின் வாரிசுகள் நமக்குப் பக்கத்தில் கல்பாக்கத்திலும் இருக்கிறார்கள். வேக ஈனுலை என்ற அணு உலைக்கான எஃகு உள்ளுக்குள் எப்படிச் சேதப்படும் என்பது அங்கே அன்றாடக் கேள்வி.

இன்று 100 கோடி அணுக்களையும் ஓட்ட முடியும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. 100 கோடி செம்பு அணுக்களைக் கனசதுரமாக அடுக்கினால், ஒரு பக்கத்தின் நீளம் தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது.

இட நெருக்கடியை விடப் பெரிய தொல்லை நேரம். அணுக்கள் அதிரும் வேகத்துக்கு ஈடு கொடுக்க, கணினி ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கைக் கடப்பதற்கே ஏறத்தாழ பத்து லட்சம் அடி எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் படிகத்தைப் பத்து சதவீதம் நீட்ட நினைத்தால், ஆய்வுக்கூடத்தில் நூறு வினாடியில் நிதானமாக இழுப்பதை விடப் பத்தாயிரம் கோடி மடங்கு வேகத்தில் இழுத்தாக வேண்டும். நாம் கையால் வளைத்த கம்பி அது அல்ல.

இன்னொரு தொல்லை, அந்தத் தோராயச் சூத்திரம். மாலிப்டினம், டான்டலம் போன்ற உலோகங்களில் ஒருவகைப் பிறழ்வின் நடுப்பகுதி மூன்று பக்கமும் விரிந்திருக்கும் என்று பழைய சூத்திரங்கள் பல ஆண்டுகள் சொல்லி வந்தன. கோனின் முறையில் 2000-ஆம் ஆண்டு கணக்கிட்டபோது அது கச்சிதமாக ஒடுங்கியிருந்தது. திரையில் ஓடிய அழகான படம், மாலிப்டினத்தையோ டான்டலத்தையோ காட்டவில்லை. அவற்றைப் பற்றி நாம் கணினியிடம் என்ன சொன்னோமோ அதைக் காட்டியது. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இப்போது கோன் முறையின் விடைகளைப் பாடமாகக் கற்று, அதே நுட்பத்தோடு விரைவாகக் கணக்கிடும் நரம்பணு வலைகள் வந்திருக்கின்றன. 2020-இல் ஒரு குழு 10 கோடி அணுக்களுக்கு மேல் அப்படி ஓட்டி, கணினித் துறையின் கார்டன் பெல் பரிசைப் பெற்றது. நம்பிக்கை தரும் வழி. ஆனால் கற்றுக்கொடுக்காத இடத்தில் அதுவும் தடுமாறும்.

சாதாரண மடிக்கணினியில், இலவச மென்பொருளோடு, சில லட்சம் செம்பு அணுக்களை ஓர் இரவில் ஓட்டலாம். குறையே இல்லாத படிகமாகத் தொடங்கி இழுங்கள். விசை ஏறும், ஏறிக்கொண்டே போகும். ஃபிரெங்கெல் 1926-இல் சொன்ன அளவுக்குப் பக்கத்தில் வரும். அவர் கணக்கில் பெரிய தவறு இல்லை. குறையில்லாத படிகத்தை அப்போது யாரும் கையில் வைத்திருக்கவில்லை. பிறகு ஒரு கணம், எங்கோ ஒரு மூலையில் நாலைந்து அணுக்கள் நழுவும். ஒழுங்காக இருக்கும் அணுக்களை மறைத்துவிடும்படி மென்பொருளிடம் சொன்னால், திரை காலியாகிவிடும். அந்த மூலையில் மட்டும் ஒரு சிறு வளையம் நூல் போலத் தெரியும். அது விரிந்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் விசை அதலபாதாளத்துக்கு இறங்கியிருக்கும். முதன்முறை அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

ஒரு வளையத்தைப் புரிந்துகொள்வோம், பத்தைப் புரிந்துகொள்வோம். லட்சக்கணக்கில் சிக்கிக்கொண்டால்? டெய்லர் 1934-இல் எழுதிய கட்டுரையே கம்பி ஏன் கெட்டிப்படுகிறது என்பதைப் பற்றியதுதான். பிறழ்வுக் கொள்கை முதலில் கையில் எடுத்த கேள்வியும் அதுவே, கடைசியாக முடியப்போவதும் அதுவாகவே இருக்கலாம் என்று ஆலன் காட்ரெல் என்ற உலோகவியலாளர் சொன்னார். அணுக்களில் தொடங்கி, இடையில் எந்த எண்ணையும் சோதனையிலிருந்து கடன் வாங்காமல், உங்கள் கையில் இருக்கும் கம்பி அடுத்த வளைவுக்கு எவ்வளவு விறைக்கும் என்று சொல்லும் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை.