கணினிக்குள் ஒரு கணினி

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னலின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். ஆயினும், இயக்குதளத்தின் உட்கருவான அதில் நேரும் ஒரு சிறு பிழை கணினி முழுவதையும் முடக்கிவிடுமே என்று புதியவர் அஞ்சுவது இயல்பன்றோ?

அவ்வச்சத்தைப் போக்குவது மெய்நிகர் இயந்திரம். அதாவது, கணினிக்குள் மென்பொருளால் அமைந்த மற்றொரு கணினி. 2003-இல் ஃபேப்ரிஸ் பெல்லார்டு அளித்த கியூஎமு அத்தகையது. எந்தத் திருத்தத்தையும் அதனுள் இயக்கிப் பார்த்த பின்னரே நான் பிறருக்கு அனுப்புவேன். உள்ளிருக்கும் இயந்திரம் நிலைகுலைந்தால், அதை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கலாம்; வெளியிலுள்ள கணினி தன் பணியைத் தொடரும். முன்னரே அதன் வட்டுக்கு ஒரு படி எடுத்து வைத்தல் நன்று.

கெட்டுவிடுமோ என்று தயங்கிக் கற்பதைக் கைவிடாதீர்கள். பிழை செய்து பார்க்க ஓரிடம் வாய்த்தவரே துணிந்து கற்பர்.