அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் மாணவரிடம் என்ன சொல்லலாம்?

(வாசுதேவநல்லூரில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2013-இல் தொடங்கப்பட்ட ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மருத்துவக் குழு நம் பள்ளிகளுக்கு வந்து மாணவர்களைப் பரிசோதிக்கிறது. பிறவி இதயக் குறைபாடு, பிளவுபட்ட உதடு போன்றவை உள்ள பிள்ளைகள் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்கள். சிகிச்சை இலவசம்தான். ஆனாலும் பயத்தால் நாள் தள்ளிப்போவதுண்டு. அந்தப் பயத்தைக் குறைப்பதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

“சும்மா டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று பிள்ளையை அழைத்துப் போகும் வீடுகள் உண்டு. அங்கே போய் உண்மை தெரிந்தால், பிள்ளை பிறகு யார் சொல்வதையும் நம்பாது. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பும், பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வாரம் முன்பும் உண்மையைச் சொல்லலாம். “வலிக்கவே வலிக்காது” என்பதைவிட, “ஊசி குத்தும்போது கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சுக்கோ” என்பது நல்லது.

என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “முழிப்பு வராமப் போயிட்டா என்ன சார் செய்ய?”

மயக்க மருந்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு உள்ள பெரிய பயம் இதுதான். “இது ராத்திரித் தூக்கம் இல்லப்பா, மருந்தால வர்ற தூக்கம். அது இருக்கிறவரை வலி தெரியாது. உன் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கிட்டே மயக்க டாக்டர் பக்கத்துல இருப்பார். ஆபரேஷன் முடிஞ்சதும் மருந்தை நிறுத்திடுவார், முழிப்பு வந்துடும்” என்றேன். முகமூடி வழியாக மருந்து கொடுப்பதும் உண்டு. உள்ளங்கையைக் குவித்து மூக்கின் மேல் வைத்து, பலூன் ஊதுவதுபோல் மெதுவாக மூச்சுவிடும் விளையாட்டை முன்கூட்டியே பழக்கலாம்.

அடுத்து, வெறும் வயிறு. மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரம் முன்பும், தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். மருத்துவமனை சொல்லும் நேரமே முடிவானது. பசிக்குமே என்று பாட்டி கொடுக்கும் ஒரு பிஸ்கட்டால்கூட அன்றைய சிகிச்சை தள்ளிப்போகலாம். காரணம் புரிந்த பிள்ளை, “வேண்டாம் பாட்டி” என்று தானே சொல்லும். சளி, காய்ச்சல் இருந்தால் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். “சேட்டை பண்ணினா ஊசி போடச் சொல்லிருவேன்” என்று வகுப்பில் மிரட்ட வேண்டாம். மருத்துவமனை தண்டனைக்கான இடம் என்ற எண்ணம் பிள்ளை மனதில் விழக் கூடாது.