உடைந்துபோன பாட்டு மூட்டை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா நான் எழுந்து நின்னா உட்கடன், வங்கி இணைப்பு, தணிக்கை என்றுதான் பேசுவேன். "மறுபடியும் வந்துட்டா"னு நீங்க மனசுக்குள்ள நினைப்பீங்க. இன்னைக்கு அது இல்லை. ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்தத் தப்பைச் செய்தது நான்தான்.

நம் குழுக்களில் மூத்த உறுப்பினராக இருந்த ஒரு பாட்டி உங்களில் பலருக்குத் தெரியும். சாமை குத்தும்போது ஒரு பாட்டு, பிள்ளையைத் தூங்க வைக்க ஒரு பாட்டு, துக்க வீட்டில் ஒரு பாட்டு என்று கேட்கக் கேட்கப் பாடிக்கொண்டே இருப்பார். அவர் பாடும்போதெல்லாம் உறுப்பினர்கள் செல்போனில் பதிவு செய்தார்கள். இரண்டு வருஷத்தில் 41 பாட்டு சேர்ந்தது. நான் அவற்றை வாங்கி, எம்.பி.3 ஆக மாற்றி, அலுவலக லேப்டாப்பில் வைத்தேன். போனில் இடம் இல்லை என்று சொன்னவர்களிடம், "என்கிட்ட பத்திரமா இருக்கு, நீங்க அழிச்சுடுங்க" என்றும் சொன்னேன். அதுதான் முதல் தப்பு.

சேலத்தில் ஒரு கூட்டம். அங்கே போட்டுக் காட்டலாம் என்று 41 பாட்டையும் ஒரே ஜிப் ஃபைலாகக் கட்டிப் பென்டிரைவில் காப்பி போட்டேன். பஸ் ஹாரன் அடித்தது. அந்த பஸ்ஸை விட்டால் அன்றைக்கு இறங்க முடியாது. காப்பி முடிந்ததா என்று சரியாகப் பார்க்காமல் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். அது இரண்டாவது தப்பு. அன்றைய கூட்டத்தில் நேரம் இல்லாமல் போனதால் பாட்டைப் போடவில்லை. திறந்தும் பார்க்கவில்லை. அது மூன்றாவது.

சில மாதங்களில் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் நின்றுபோனது. பரவாயில்லை, பென்டிரைவில் இருக்கிறதே என்று இருந்தேன். தை மாதம் பாட்டி தவறிவிட்டார். காரியத்துக்கு முந்தின நாள் பேத்தி வந்து, "அக்கா, ஆயாவோட தாலாட்டு வேணும். என் பிள்ளைக்கும் அதைத்தான் பாடுச்சு" என்று கேட்டது. பென்டிரைவைப் போட்டேன். பெயர் இருந்தது, அளவும் சரியாகத்தான் காட்டியது. திறந்தால், ஃபைல் பழுதடைந்திருக்கிறது, திறக்க முடியாது என்று வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு கடையில் காட்டினேன். "கரப்ட் ஆயிருச்சு மேடம், அவ்வளவுதான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நம் உறுப்பினர் ஒருவரின் மகன் பாலிடெக்னிக் முடித்தவர். அவர்தான், "அக்கா, தூக்கிப் போடாதீங்க. கதவுதான் திறக்கலை, உள்ள சாமான் இருக்கும்" என்றார். அவர் எனக்குப் புரிய வைத்ததை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

நம் தீர்மானப் புத்தகம் மாதிரிதான்

ஜிப் என்பது ஒரு மூட்டை. பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டி, முடிந்தவரை சுருக்கி வைப்பது. 1989-ல் அமெரிக்காவில் ஃபில் காட்ஸ் என்பவர் கொண்டுவந்த முறை. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது.

அந்த மூட்டைக்குள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? நம் தீர்மானப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மேலே தேதி, குழுவின் பெயர், வந்தவர் எண்ணிக்கை எழுதி, அதன் கீழே தீர்மானம் எழுதுகிறோம். ஜிப்பிலும் அப்படித்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு தலைப்பு. பாட்டின் பெயர், அளவு, ஒரு சரிபார்ப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தலைப்பு "பி.கே." என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள்தான் அவை. எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் பொருளடக்கம் வரும்.

கம்ப்யூட்டர் ஜிப்பைத் திறக்கும்போது முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் தேடும். நான் பென்டிரைவைப் பாதியில் பிடுங்கியதால் பின்பகுதி எழுதப்படவே இல்லை. பொருளடக்கம் இல்லை என்றதும், "இது புத்தகமே இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. ஆனால் முன்பக்கங்கள் அப்படியே இருக்கின்றன! புத்தகத்தின் கடைசித் தாள் கிழிந்தால் பத்து வருஷத் தீர்மானத்தையும் அடுப்பில் போடுவோமா? மாட்டோம். பக்கம் பக்கமாகத் திருப்பித் தலைப்பைப் பார்த்து எடுப்போம். பழுது பார்க்கும் மென்பொருளும் அதையேதான் செய்கிறது. முதலிலிருந்து கடைசிவரை "பி.கே." எங்கெங்கே வருகிறது என்று தேடி, கிடைத்ததை வைத்துப் புதிதாகப் பொருளடக்கம் எழுதுகிறது.

என்ன செய்தோம்

யாருக்காவது இப்படி நேர்ந்தால் பயன்படும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

1. அசலைத் தொடக்கூடாது. அந்தப் பென்டிரைவில், மெமரி கார்டில் வேறு எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

2. பழுதான ஃபைலைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்து, வேலையைக் காப்பியில் மட்டும் செய்யுங்கள். முதல் இடத்தில் நல்ல ஃபைல் இன்னும் இருந்தால் கவலையே இல்லை. அங்கிருந்து மறுபடி காப்பி எடுத்தால் போதும்.

3. வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். விண்டோஸ் திறக்க மறுப்பதை செவன்-ஜிப் சில நேரம் திறந்துவிடும். அது இலவசம்.

4. அதுவும் முடியாவிட்டால் வின்ரார் மென்பொருளில் "ரிப்பேர்" என்று ஒரு வசதி உண்டு. ஜிப் வகைதான் என்று தேர்ந்தெடுத்தால், பெயருக்கு முன்னால் "ரீபில்ட்" என்று சேர்த்துப் புது ஃபைல் ஒன்றைக் கொடுக்கும். எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான்.

5. பிரித்து எடுக்கும்போது, சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று சில பாட்டுக்கு வரலாம். ரொக்கப் புத்தகத்தில் கூட்டுத்தொகை உதைக்கிற மாதிரி. எங்கோ தப்பு இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். அப்படிப்பட்ட ஃபைலை மென்பொருள் தானாகவே அழித்துவிடும். "உடைந்த ஃபைல்களையும் வைத்திரு" என்ற கட்டத்தில் டிக் போட்டால் அழிக்காது. பாட்டுக்கு இது முக்கியம். ஏனென்றால் எம்.பி.3 என்பது சின்னச் சின்னத் துண்டுகள் சேர்ந்தது, விநாடிக்கு ஏறக்குறைய 38 துண்டு. நாலு துண்டு கெட்டாலும் மற்றவை பாடும். நடுவில் ஒரு "டக்" கேட்கும், அவ்வளவுதான்.

6. ஃபைலே அழிந்துவிட்டது, ஃபார்மேட் ஆகிவிட்டது என்றால் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் பாட்டையும் தேடித் தரும். கிடைப்பதை வேறு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அதே பென்டிரைவில் சேமித்தால் மீதியும் அழிந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் ஃபைலை அனுப்புங்கள், சரிசெய்து தருகிறோம்" என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் அனுப்பாதீர்கள். அது நம் வீட்டுப் பெண்களின் குரல்.

எல்லா மூட்டையும் ஜிப் மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 7-இசட் வகையில் பல ஃபைல்களைச் சேர்த்து ஒரே சரடாகச் சுருக்குவது வழக்கம். நடுவில் அறுந்தால் பின்னால் இருப்பது கிடைப்பது கஷ்டம். ரார் வகையில், கட்டும்போதே "ரெக்கவரி ரெக்கார்டு" சேர்த்திருந்தால் ஓரளவு கெட்டதைத் தானே சரிசெய்துகொள்ளும். சேர்க்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வெள்ளம் வந்த பிறகு காப்பீடு எடுக்க முடியாது இல்லையா, அது மாதிரி.

கிடைத்ததும் போனதும்

41 பாட்டில் 33 முழுசாகக் கிடைத்தது. தாலாட்டு அதில் இருந்தது. பேத்தி கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடச் சொன்னது. 34-வது, சாமை குத்தும் பாட்டு, பாதியில் நின்றுவிடுகிறது. மீதி ஏழு பாட்டும் பென்டிரைவுக்கு வந்து சேரவே இல்லை. வராததை எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது.

அந்த ஏழில் ஒன்று எப்படிக் கிடைத்தது தெரியுமா? செம்மநத்தம் பக்கத்து அக்கா ஒருத்தர், நான் அழிக்கச் சொன்னபோது அழிக்கவே இல்லை. "நீ சொன்னேதான், எனக்கு மனசு வரலை" என்றார். என் பேச்சைக் கேட்காததால் ஒரு பாட்டு பிழைத்தது! ஆறு பாட்டு போனது போனதுதான். எல்லாம் ஒப்பாரி.

பெரிய நிறுவனத்துக்கும் இதே கதைதான். மைஸ்பேஸ் என்ற அமெரிக்க இணைய நிறுவனம், 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றி வைத்த பாட்டெல்லாம் சர்வர் மாற்றும்போது போய்விட்டதாக 2019-ல் தெரிவித்தது. 5 கோடிப் பாட்டுக்கு மேல் என்று செய்திகளில் வந்தது. அதே ஆண்டில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு அதில் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பாட்டுகளை மீட்டுப் பொதுவில் வைத்தது. எப்படி? ஆராய்ச்சிக்காக யாரோ சிலர் முன்னாடியே இறக்கி வைத்திருந்தார்கள். செம்மநத்தம் அக்கா செய்த அதே வேலை. இன்னொரு கையில் ஒரு நகல் இருந்தது, அதனால் பிழைத்தது.

இனி என்ன செய்யலாம்

ஒன்று, பாட்டை ஜிப்பில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. எம்.பி.3 ஏற்கனவே சுருக்கப்பட்டது. 4 எம்.பி. பாட்டை ஜிப்பில் போட்டாலும் ஏறக்குறைய 4 எம்.பி.தான் இருக்கும். தனித்தனியாக வைத்தால் ஒன்று கெட்டாலும் மற்றது தப்பிக்கும்.

இரண்டு, காப்பி முடிந்ததும் "பாதுகாப்பாக நீக்கு" கொடுத்து, அது சொன்ன பிறகே பென்டிரைவை எடுக்க வேண்டும். பிறகு மறுபடி செருகி, திறந்து, கடைசிப் பாட்டுவரை கேட்டுப் பார்க்க வேண்டும். பெயரும் அளவும் இருந்தால் மட்டும் போதாது. என் அனுபவம் அது.

மூன்று, மூன்று இடத்தில் நகல். ஒன்று கூட்டமைப்பு அலுவலகத்தில், ஒன்று பாடியவர் வீட்டில், ஒன்று மலைக்குக் கீழே சேலத்தில். மூன்றும் திறக்கிறதா என்று பார்க்காமல் போனில் இருப்பதை யாரும் அழிக்கக்கூடாது.

நான்கு, பாடியவரின் சம்மதம் கேட்டு, பெயர், ஊர், தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

இந்த நாலையும் இன்றைக்குத் தீர்மானமாக நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த ஆறு ஒப்பாரியையும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். ரெண்டு அடி, நாலு அடி ஞாபகம் இருக்கும். "எனக்குக் குரல் இல்லை, வெட்கமா இருக்கு" என்று சொல்லாதீர்கள். சாப்பாடு முடிந்து நான் பின்பக்க அறையில் போனோடு உட்கார்ந்திருப்பேன். ஞாபகம் இருக்கிற அளவு பாடிவிட்டுப் போங்கள். இந்த முறை உங்கள் போனிலும் ஒரு பதிவு இருக்கட்டும். நான் அழிக்கச் சொன்னாலும் அழிக்காதீர்கள்.