அங்குலிமாலனின் ஆசிரியர்



திரைப்படம் பார்த்துத் திரும்புவோரின் பேச்சைக் கேட்பதில் எனக்கு நெடுநாளாகவே ஆர்வம் உண்டு. படத்தைக் காட்டிலும் அப்பேச்சு சுவையாக அமைந்துவிடுவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இயக்குநர் மிஷ்கினின் ‘சைக்கோ’ வெளிவந்தபோது, செங்கற்பட்டில் நான் கேட்ட பேச்சு இருவகையாயிருந்தது. பெண்களைக் கடத்திச் சென்று தலையைத் துணிக்கும் ஒருவனைக் காவலர் கண்டுபிடியாதிருப்பதும், கண்ணற்ற இளைஞன் ஒருவன் அவனைத் தேடிப் புறப்படுவதும் நம்பும்படியாக இல்லை என்றனர் சிலர். இது கதைப் பொருத்தம் பற்றிய குறை. இதை இங்கே விட்டுவிடலாம்.

மற்றொரு சாரார் உண்மையாகவே சினந்திருந்தனர். சிறைப்பட்ட பெண், தன்னைக் கொல்லவிருந்தவனிடத்தில் ஒரு குழந்தையைக் காண்கிறாள். அவள்பால் பிறந்த இரக்கத்தை நாமும் கொள்ளவேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. ‘மாண்டுபோன பெண்களுக்கு யார் இரங்குவது? அவர்களுக்குப் படத்தில் ஒரு பெயராவது நிலைத்ததா?’ என்று என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் படத்தில் விடையில்லை என்பதே என் கருத்தும்.

தனித்திருந்து கொலைபுரியும் மனநோயாளியைத் தமிழ்த்திரை இதற்கு முன்பும் காட்டியிருக்கிறது. 1978இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்தது. காதல் நாயகனாகவே பெண்கள் விரும்பிய கமல்ஹாசன் அதில் கொலைஞனாகத் தோன்றியது பலரைத் திடுக்கிடச் செய்தது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் முன்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் அருகே எலிகள் அச்சமின்றி நிற்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்குத் தெரிந்த அந்த உண்மை, நல்ல உடையும் இனிய சொல்லும் உடையவன் தீயவனாக இரான் என்று நம்பிய நம்மவருக்குத் திரையரங்கில்தான் உறைத்தது. இரண்டாண்டு கழித்து, 1980இல், பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ வந்தது. பிரதாப் போத்தன் ஏற்ற பாத்திரம் அச்சத்தைவிடத் துயரத்தையே மிகுதியாக விளைத்தது. இப்படங்களுக்கெல்லாம் முன்னோடியாக 1960இல் வெளியான ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வைச் சொல்வார்கள்.

இந்த மூன்று தமிழ்ப் படங்களும் கொலைஞனின் இளமையைத் தோண்டிப் பார்த்து, அங்கே ஒரு காயத்தைக் காட்டுகின்றன. இளமையில் கொடுமைப்பட்டவரெல்லாம் கொலைஞராவதில்லை என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். கொடுமைக்குள்ளானவருள் மிகப் பெரும்பாலோர் ஓர் எறும்பையும் நசுக்காமல் வாழ்ந்து மறைகின்றனர். அவர்களைப் பற்றி எவரும் படம் எடுப்பதில்லை.

மிஷ்கின் காட்டும் காயம் ஒரு பள்ளியில் நேர்ந்தது. வளரும் பருவத்துக்கு இயல்பான ஒரு செயலுக்காக ஆசிரியை ஒருத்தி அச்சிறுவனை இரக்கமின்றித் தண்டிக்கிறாள். மன்னிக்கலாமா கூடாதா என்று வழக்காடியவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிட்டனர். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அது இயலவில்லை.

படத்தில் கொலைஞனின் பெயர் அங்குலிமாலன் கதையை நினைவூட்டுவது. அக்கதையில் புத்தர் வருவதை எல்லோரும் அறிவர். ஆசிரியர் வருவதை மறந்துவிடுகிறோம். அகிம்சகன் என்னும் பெயருடைய அறிவாளி மாணவன் தட்சசீலத்தில் பயில்கிறான். உடன்பயில்வோர் பொறாமையால் கோள் சொல்ல, ஆசிரியர் அதை நம்பி, குருதட்சணையாக ஆயிரம் மனித விரல்களைக் கேட்கிறார். குருவின் சொல்லைத் தட்டக்கூடாது என்று கற்ற பிள்ளை காட்டுக்குப் போகிறான். பின்னர் அவன் புத்தரின் அருளால் துறவியாகித் திருவோடேந்தி ஊருக்குள் வரும்போது, மக்கள் கல்லெறிகின்றனர், ஓடு உடைகிறது, தலையில் குருதி வழிகிறது. பொறுத்துக்கொள் என்று புத்தர் கூறுகிறாரேயன்றி, எறிந்தவர்களைக் கடியவில்லை. செத்தவர்களின் உற்றாருக்குச் சினம் கொள்ள உரிமையுண்டு என்பதைப் பழங்கதை ஒப்புக்கொள்கிறது. என் தோழியான ஆசிரியை படத்தில் தேடிக் காணாதது அதுவே. ஆனால் தட்சசீலத்து ஆசிரியர்மேல் எவரும் ஒரு சிறு கல்லையும் எறிந்ததாகக் கதையில் இல்லை.

பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் குழந்தை உளவியலைப் பாடமாகப் படித்தோம். தேர்வெழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். பள்ளிக்குள் நுழைந்ததும் பிரம்புதான் மேசைமேல் முதலில் கண்ணில்படும். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று பிள்ளையை ஒப்படைத்துச் செல்லும் தந்தையரும் இருந்தனர். அதை அவர்கள் அன்பினாலேயே கூறினர் என்பதுதான் அதிலுள்ள சங்கடம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. மனம் என்ற சொல் அங்கே இடம்பெற்றதை நான் பெரிதாகக் கருதுகிறேன். பிரம்படியின் தழும்பு ஒரு வாரத்தில் மறையும். வகுப்பே சிரிக்கும்படி கேட்கப்பட்ட கேள்வி மறைவதில்லை.

செங்கற்பட்டில் தவறிழைத்த சிறுவர்களைத் திருத்துவதற்கென்றே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. சிறுவனைச் சிறையிலிடலாகாது, அவனுக்கு வேண்டியது கல்வியே என்ற எண்ணம் எங்கள் ஊருக்குப் புதிதன்று. அவ்வூரிலேயே, அரசினர் கூர்நோக்கு இல்லத்தில், திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டுக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். அடித்துக் கொல்லப்பட்டான் என்று வழக்குப் பதிவாகி, இல்லத்தின் பணியாளர் அறுவர் கைதாயினர். இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை 2023இல் அரசு நியமித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவர் தம் அறிக்கையை அளித்தார்.

‘சைக்கோ’வைக் குறித்து வாரக்கணக்கில் வழக்காடிய நண்பர்கள் இச்செய்தியைப் பற்றி இரண்டு நாள் பேசினார்கள். கொலைஞனின் இளமைக் காட்சியில் கண்கலங்கியதாக முன்பு என்னிடம் சொன்ன ஒருவர், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, ‘என்ன இருந்தாலும் திருடின பையன்தானே ஐயா!’ என்றார்.