மண்ணை மீட்கும் பொறியியல்



பூமியைத் தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவன் பூமியைக் காப்பது பற்றிப் பேச வரலாமா என்ற ஐயம் உங்களுக்கு எழக்கூடும். சுரங்கம் என்றதும் குழியும் புழுதியும் கண்முன் நிற்கின்றன. வளங்குன்றா வளர்ச்சி என்றதும் மரமும் ஆறும் நினைவுக்கு வருகின்றன. ஒன்றைத் துறந்தால்தான் மற்றொன்றை அடையலாம் என்றே பலர் எண்ணுகின்றனர். சுரங்கப் பொறியாளனாக நெடுங்காலம் பணிபுரிந்த எனக்கு அக்கருத்து உடன்பாடன்று.

வரலாறும் என் பக்கமே பேசுகிறது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பேர்பெற்ற ஊர் ஃப்ரைபெர்க். அங்கே சுரங்க நிர்வாகத்தில் உயர்பதவி வகித்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். தாதுவை உருக்க விறகு வேண்டும். சுரங்கத்தின் கூரையைத் தாங்க மரத்தூண்கள் வேண்டும். காடுகளோ நாளுக்கு நாள் குறைந்துவந்தன. காடு அழிந்தால் சுரங்கமும் நின்றுபோகும் என்று கண்ட அவர், 1713-ஆம் ஆண்டில் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது; வெட்டிய இடத்தில் நடவேண்டும் என்பது அதன் சாரம். நம் உழவர் மொழியில் கூறினால், விதைநெல்லைக் குத்திச் சமைக்காதே என்பதுதான். வளங்குன்றாப் பயன்பாடு என்ற கருத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக அறிஞர்கள் அதனைப் போற்றுகின்றனர்.

ஆனால், மரம் மீண்டும் தழைக்கும், கனிமம் தழைக்காது. ஆகையால் எங்கள் தொழிலில் நிலைத்திருக்க வேண்டியவை எவை? கனிமம் எடுத்த நிலம், அதன் அடியிலுள்ள நீர், அந்நிலத்தை நம்பிய மக்களின் வாழ்வு ஆகிய மூன்றுமே.

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே 1957-ஆம் ஆண்டில் தோண்டும் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்ததோ 1961-இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம் மண்ணோடும் நீரோடும் நடந்த போராட்டமாகும். கரிப்படுகையின் அடியிலே மணலடுக்கில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயுள்ள மண்சுமையை நீக்கிவிட்டால், அந்த நீர் தளத்தைப் பிளந்துகொண்டு பீறிடும். ஆகவே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கவேண்டும். குறைவாக இறைத்தால் சுரங்கத்துக்கு ஆபத்து. அளவு மீறி இறைத்தால் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகளுக்கு ஆபத்து. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்புநீர் உட்புகவும் இடமுண்டு.

இத்தகைய நீர்க்கணக்குதான் என்னையும் புதிய துறைக்கு இட்டுச் சென்றது. தொடக்க ஆண்டுகளில் என் பணி உற்பத்தியைச் சார்ந்தது. எத்தனை டன் என்பதே அன்றாடக் கேள்வி. பின்னர் நீர்மட்டத்தை அளந்து பதிவு செய்யும் பொறுப்பு வந்தது. அளவைக் கிணறுகளைப் பார்க்க ஊர் ஊராகச் சென்றபோது உழவர்கள், "எங்கள் கிணறு அடுத்த கோடைக்குத் தாங்குமா, ஐயா?" என்று கேட்டார்கள். அதற்கு விடையளிக்க நிலத்தடி நீரியலைப் புதிதாகப் பயிலவேண்டியிருந்தது. அதன்பின் மண்ணியல் பயின்றேன், தாவரவியலாரிடம் மாணவனானேன். தொழிலை நான் விட்டு விலகவில்லை. தொழிலின் மறுபாதியைக் கற்றுக்கொண்டேன்.

அந்த மறுபாதியில் ஒரு சிறு செய்தியைச் சொல்கிறேன். நிலத்தின் மேற்பரப்பிலுள்ள ஓரடி மண்ணில்தான் பயிருக்கு உயிரூட்டும் மட்கும் நுண்ணுயிரும் உள்ளன. அதை முதலில் தனியே வழித்தெடுத்து, உயரமாகக் குவிக்காமல் பரப்பி வைத்து, இயன்ற விரைவில் மீண்டும் பயன்படுத்தவேண்டும். அடிமண்ணோடு கலந்து புதைத்துவிட்டால், பின்னர் எவ்வளவு செலவிட்டாலும் அந்த வளத்தை எளிதில் மீட்க இயலாது. நிரப்பிய மேட்டின் சரிவைக் குறைத்து, மழைநீர் வடிய வாய்க்கால் வகுத்து, முதலில் புல்லும் பயறுவகைச் செடிகளும் வளர்த்து, பின்பே மரம் நடவேண்டும். சரிவும் வடிகாலும் பொறியியல் கணக்குகளே அல்லவா?

2009-ஆம் ஆண்டில் மத்திய நிலக்கரி அமைச்சகம், சுரங்கத்தை மூடுவதற்கான திட்டம் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின்படி, எப்படி மூடுவது என்பதைத் திட்டமிட வேண்டும்; அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக்கணக்கில் செலுத்தியும் வரவேண்டும். நல்ல ஏற்பாடு. எனினும் பணம் மட்டும் மண்ணை மீட்டுவிடாது. முதல் நாளிலேயே இறுதி நாளை எண்ணித் தோண்டுகின்ற பொறியாளர் வேண்டும்.

"இனிச் சுரங்கமே வேண்டாமே" என்று கூறுவாரும் உளர். காற்றாலைக்கு இரும்பும் செம்பும் வேண்டும். மின்கலங்களுக்கு லித்தியமும் நிக்கலும் வேண்டும். கரியின் தேவை ஒருநாள் ஒழிந்தாலும் தாதுக்களின் தேவை ஒழியாது. தோண்டுவோர் எப்படியும் இருப்பர். அவர்கள் எத்தகையோராக இருப்பர் என்பதே கேள்வி. நிலத்தின்மீது பரிவுள்ள இளைஞர்கள் இத்துறையை வெறுத்து ஒதுங்கினால், பரிவில்லாதவர் கையில் அது சென்றுவிடும்.

ஆகவே, நண்பர்களே, இத்துறைக்கு வர விரும்புவோர் பாறையியலோடு நீரியலையும் மண்ணியலையும் பயிலுங்கள். சட்டம் அறியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊராரின் கேள்வியைச் செவிசாய்த்துக் கேட்கப் பழகுங்கள். ஒரு சுரங்கத்தின் ஆயுள் சில பத்தாண்டுகளே. அதன் அருகிலுள்ள ஊரின் ஆயுளுக்கு எல்லை கிடையாது. நமது கணக்கு அந்த ஊரின் ஆயுளுக்குரியதாக இருக்கட்டும்.