தண்ணி எங்கே நிக்கும்னு எங்களைக் கேளுங்க!

(நாகை மாவட்டக் கடைமடை விவசாயிகளின் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் தண்ணி வயலுக்குள்ளே வந்தது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா. 2023 பிப்ரவரியில் புயலே இல்லை. அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து போச்சு. நம்ம மாவட்டத்துக்கு ஆபத்து உண்டுன்னு தனியா ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்லை. எந்த ஊருக்கு, எந்த வயலுக்கு, எந்த மாசத்தில் எவ்வளவு ஆபத்து? அதுதான் கேள்வி.

இதைக் கணக்கெடுத்து வைக்கச் சட்டம் இருக்கு. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வேணும். பாதிக்கக்கூடிய பகுதிகளை அதில் எழுதணும். வருஷா வருஷம் திருத்தணும். மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். அந்தத் திட்டத்தை நம்மில் எத்தனை பேர் கண்ணால பார்த்திருக்கோம்? கையைத் தூக்குங்க பார்ப்போம்!

ஊர்களை எப்படித் தரம் பிரிக்கிறாங்க? தண்ணி 5 அடிக்கு மேல் நின்றால் மிக அதிக பாதிப்பு. 3 முதல் 5 அடி என்றால் அதிகம். 2 முதல் 3 அடி நடுத்தரம். 2 அடிக்குக் கீழே குறைவு. ஜனங்க உயிரைக் காப்பாத்த இந்தக் கணக்கு வேணும், குறை சொல்லல. ஆனா நட்டு இருபது நாள் ஆன சம்பாவுக்கு? ஒரு அடி தண்ணி ஒரு வாரம் நின்னா பயிர் அழுகிடும். ஆபீஸ் கணக்கில் அது 'குறைவு'. நம்ம வீட்டுக் கணக்கில் அது முழு நஷ்டம்!

மழை எவ்வளவு பெய்தது என்பது பாதிக் கணக்கு. பெய்தது எத்தனை நாளில் வடியுது என்பது மீதிக் கணக்கு. மேட்டூர் தண்ணி வந்து சேர்றதிலும் நாமதான் கடைசி. மேல்மடை வடிக்கிற மழைத் தண்ணி வந்து தேங்குறதும் நம்மகிட்டதான். வடிகாலில் ஆகாயத்தாமரை, முகத்துவாரத்தில் மணல் மேடு. கடல் ஏத்தமா இருக்கும்போது தண்ணி வெளியே போக வழியில்லை. பக்கத்து ஊரில் ரெண்டு நாளில் வடியுற மழை நம்ம ஊரில் பத்து நாள் நிக்குது. மழைமானி ரெண்டு ஊருக்கும் ஒரே அளவைத்தான் காட்டும்!

இந்தக் கோளாறு நிவாரணத்தில் வந்து வயித்தில் அடிக்குது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருந்தால்தான் நிவாரணம். காப்பீட்டில் மேட்டு வயலும் பள்ள வயலும் சேர்த்து ஒரே சராசரி. தனி வயலில் வெள்ளம் சூழ்ந்தால் இழப்பீடு தரும் பிரிவிலிருந்து 2018இல் நெல்லை எடுத்தாங்க. 2026 காரிஃப் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நடுவில் மூழ்கிய சம்பாவுக்கு யார் பதில் சொல்றது?

ஆகவே நாம் கேட்பது:

1. மாவட்டப் பேரிடர்த் திட்டத்தை அக்டோபர் 2 கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். விவசாயிகள் சொல்லும் திருத்தத்தைப் பதிய வேண்டும்.

2. குடியிருப்புக்குத் தனி, வயலுக்குத் தனி என்று ஆபத்தைக் கணக்கிட வேண்டும். தண்ணி நிற்கும் நாட்களையும் சேர்க்க வேண்டும்.

3. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வடிகால்களைத் தூர்வாரி முடிக்க வேண்டும்.

4. சேதக் கணக்கை விவசாயி முன்னிலையில் எடுத்து, நகல் தர வேண்டும்.

நம்ம பங்குக்கும் ஒரு வேலை இருக்கு, தோழர்களே. ஊருக்கு ஒரு நோட்டு போடுங்க. மதகுச் சுவரில் அடிக்கோடு போடுங்க. தண்ணி ஏறின தேதி, வடிஞ்ச தேதி, சர்வே நம்பர், பயிரின் வயசு எல்லாத்தையும் எழுதுங்க. செல்போனில் படம் எடுத்து வையுங்க. வாய்ப்பேச்சை அதிகாரி மறுக்கலாம். மூணு வருஷ நோட்டை மேஜையில் வைத்தால் லேசில் மறுக்க முடியாது.

வயலைக் கேட்டுக் கணக்கெழுது!
கடைமடையை மூழ்க விடாதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!